கிறிஸ்தவர் இல்லாத கிறிஸ்தவ நாவல்: ஊட்டியில் வாழ்ந்த கிருபாபாய் சத்தியநாதனை வாசிக்க ஒரு வழி

கிருபாபாய் சத்தியநாதன் 1894-இல் இறந்தபோது அவருக்கு வயது 32. இரண்டு நாவல், கொஞ்சம் கட்டுரைகள்: எழுதியது அவ்வளவுதான். ஆனாலும் நீலகிரியில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்களும் சபை வரலாற்றில் அக்கறை உள்ளவர்களும் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு சீக்கிரமே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. “அவர் நம்ம சபைக்காரர், அவர் எழுதியது ஒரு சாட்சி” என்பது ஒரு பக்கம். “மிஷன்காரர்களுக்காக எழுதிக் கொடுத்த மதமாற்றக் கதை” என்பது மறுபக்கம்.

இரண்டு பக்கத்தாரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். அவருடைய இரண்டாவது நாவல் ‘கமலா’. அதன் கதாநாயகி இந்துவாகப் பிறந்து, இந்துவாகவே கஷ்டப்பட்டு, இந்துவாகவே ஒரு பெரிய முடிவை எடுக்கிறாள். ஞானஸ்நானம் இல்லை, பாதிரியார் வந்து மனதை மாற்றுவதும் இல்லை. இதைச் சாட்சி என்று எப்படிச் சொல்வது? பிரசாரம் என்றுதான் எப்படிச் சொல்வது?

ஒரு கதாசிரியரின் விசுவாசம் அவர் கதையில் எங்கே இருக்கும் என்ற கேள்வியைத் தீர்த்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தெளியும். அடிப்படையிலிருந்து போவோம்.

## ஆள் யார்?

கிருபாபாய் 1862-இல் அகமது நகரில் பிறந்தவர். தந்தை ஹரிபந்த் கிஸ்தி, தாய் ராதாபாய். பம்பாய் மாகாணத்தில் கிறிஸ்தவத்துக்கு வந்த முதல் பிராமணக் குடும்பங்களில் ஒன்று அது. 14 பிள்ளைகளில் இவர் 13-ஆவது. தந்தை சிறுவயதிலேயே போய்விட்டார். படிப்பில் கைபிடித்து நடத்திய அண்ணன் பாஸ்கரும் இளமையிலேயே இறந்தார்.

டாக்டராக வேண்டும் என்பது இவருடைய ஆசை. 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்து அப்போது மூன்றே வருடம். நன்றாகப் படித்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. படிப்பு நின்றது.

சென்னையில் அவர் தங்கியிருந்த வீடு டபிள்யூ. டி. சத்தியநாதன் என்ற தமிழ் ஆங்கிலிக்கன் குருவானவருடையது. அந்த வீட்டை அறியாமல் இந்த நாவலாசிரியை புரியமாட்டார். குருவானவரின் மனைவி அன்னா சத்தியநாதன் பெண்களுக்கான பள்ளிகள் நடத்தியவர். தமிழில் ‘நல்ல தாய்’ என்ற புத்தகம் எழுதியவர். அன்னாவின் தந்தை ஜான் தேவசகாயம் தென்னிந்தியாவில் சர்ச் மிஷனரி சங்கத்தின் கீழ் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர். ஒரு பெண் எழுதுவது அதிசயமாகப் பார்க்கப்படாத குடும்பம் அது. அந்த வீட்டு மகன் சாமுவேல், கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியவர், கிருபாபாயை 1880-களின் தொடக்கத்தில் மணந்தார். சாமுவேலுக்கு ஊட்டியில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியர் வேலை கிடைத்தது. தம்பதி மலையேறினார்கள்.

## அன்றைய ஊட்டியில் விசுவாசம் என்றால் என்ன?

ரயில் அப்போது மேட்டுப்பாளையத்தோடு நின்றது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். மேலே ஏறுகிறவர்களுக்கு மலைப்பாதையும் வண்டியும்தான். ஏறிப்போன ஊரோ கோடைக்காலத்தில் சென்னை அரசாங்கமே வந்து உட்கார்ந்த ஊர்.

புனித ஸ்தேவான் ஆலயத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். 1829-இல் அடிக்கல் போட்டு, 1830-இல் பிரதிஷ்டை செய்த கோயில். அதன் பெரிய மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஆராதனையில் முழங்கால் போடுகிறவர் தலைக்கு மேலே ஒரு தோற்ற அரசனின் வீட்டு உத்தரம் நிற்கிறது. கிறிஸ்தவம் அந்த ஊரில் ஆளுகிறவர்களின் மதமாகவும் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்லாது.

அதே மலையில் வேறொரு கிறிஸ்தவமும் இருந்தது. கேத்தியில் 1840-களிலிருந்து பாசல் மிஷன்காரர்கள் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கு நடையாக நடந்து பிரசங்கித்தார்கள். ஊட்டிக் கடைவீதியிலும் பங்களாக்களிலும் வேலைக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் ஜெபத்தைத் தமிழில் செய்தார்கள்.

கிருபாபாய் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றார். ஆங்கிலத்தில் எழுதுகிற, மராத்தி வீட்டில் பிறந்த, தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளான இந்தியக் கிறிஸ்தவப் பெண். சர்ச் மிஷனரி சங்கத்தின் உதவியோடு முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். மற்ற பள்ளிகளிலும் பாடம் சொன்னார். ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்ற பெயரில் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதியதும் இந்தக் காலத்தில்தான். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பான மந்துக்குப் போய்வந்ததைப் பற்றிய கட்டுரை ஒன்று அவருடைய தொகுப்பில் இருக்கிறது. பெரிய நாவல் எதுவும் ஊட்டியில் பிறக்கவில்லை. ஆனால் எழுதுகிறவர் என்ற பழக்கம் இங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. பிறகு ராஜமுந்திரி, கும்பகோணம், கடைசியில் சென்னை.

‘கமலா’வில் வரும் மலைக்காட்சிகளை ஊட்டி என்று சொல்லிவிட நமக்கு ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. நாவலின் மலை தக்காண மலை. அதில் வரும் சிவகங்கா என்ற ஊரும் மராத்தி மண்ணில் உள்ளது. நம் சிவகங்கைச் சீமையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

## தெரிந்திருக்க வேண்டிய நான்கு சொற்கள்

சுதேசக் கிறிஸ்தவர். ஆங்கிலேயர் தங்களிலிருந்து பிரித்துக் காட்ட, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு வைத்த பெயரின் தமிழ் வடிவம். ஒரே வேதாகமம், ஒரே பாமாலை. ஆனால் உட்காரும் இடம் வேறு. கிருபாபாயின் முதல் நாவலான ‘சகுணா’வின் துணைத்தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது: ஒரு சுதேசக் கிறிஸ்தவ வாழ்வின் கதை.

சனானா. வட இந்திய வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் பெண்கள் வசிக்கும் உட்பகுதி. ஆண் மிஷனரிகளால் அங்கே நுழைய முடியாது. அதனால் படித்த கிறிஸ்தவப் பெண்கள் வீடு வீடாகப் போய் எழுத்தும் தையலும் வேதக் கதையும் சொல்லிக் கொடுத்தார்கள். சனானா ஊழியம் என்றால் அதுதான். அந்த வேலையின் பலன் எதுவாக இருந்தாலும், இந்தியப் பெண்களின் வீட்டு உள்பக்கத்தை எழுத்தாக்கும் பழக்கம் அங்கிருந்து கிளைத்தது.

மனந்திரும்புதல். புராட்டஸ்டண்டு வழக்கில் இது பெயர் மாற்றத்தையோ சபை மாற்றத்தையோ குறிப்பதில்லை. ஓர் ஆள் தனியாகக் கடவுள் முன் நின்று, தன் வாழ்க்கைக்குத் தானே கணக்கு ஒப்புவிப்பதைக் குறிக்கிறது. அந்த இடத்தில் அப்பாவோ புருஷனோ சாதியோ துணைக்கு வராது.

சாட்சி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்ச் சபைகளில் ஜெபக்கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஒருவர் எழுந்து நிற்கிறார். தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார். “முன்னே நான் இப்படி இருந்தேன்” என்று தொடங்குகிறார். வியாதியோ கடனோ குடியோ ஒரு சாவோ நடுவில் வருகிறது. “அந்த நேரத்தில் ஆண்டவர் என்னைத் தொட்டார்” என்கிறார். “இப்போது இப்படி இருக்கிறேன், தேவனுக்கு ஸ்தோத்திரம்” என்று முடித்து உட்காருகிறார். இரண்டு நிமிடம்தான். அதற்குள் முன், திருப்பம், பின் என்று ஒரு முழுக்கதையின் எலும்புக்கூடு இருக்கிறது. கதை சொல்லத் தெரியாதவர் என்று நாம் நினைக்கும் ஒரு தோட்டத் தொழிலாளியோ மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மாவோ இந்த வடிவத்தில் அழகாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு ‘நான்’ என்று தொடங்கும் உரிமையை அந்த வடிவம் கொடுக்கிறது.

## விசுவாசம் கதைக்குள் வரும் வழிகள்

1. பேசுபொருளாக. கதையே மதத்தைப் பற்றியது. 1894-இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இதற்கு நல்ல உதாரணம். ஜான் பன்யனின் ஆங்கிலக் கதையைத் தழுவிய காப்பியம். கம்பனின் ஓசையில் கிறிஸ்து பக்தி.

2. பாத்திரமாக. நல்லவர் கிறிஸ்தவர், கெட்டவர் வேறு என்று பிரிப்பது இதன் மலிவான வகை. பிரசாரக் கதைகளில் அதிகம் காணலாம். அதிகம் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

3. ஒழுக்க போதனையாக. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவர் கதை மனிதர்கள் கத்தோலிக்கர் இல்லை. கடவுள் பக்தியும் நீதிநெறியும் எந்த மதத்தாரும் ஏற்கும் பொதுமொழியில் வருகின்றன. அதே மனம்தான் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் பாடியது.

4. பார்வையாக. கதை சொல்லும் குரல் யாரை உற்றுப் பார்க்கிறது, யாருடைய மனதுக்கு உள்ளே போகிறது, யாருடைய முடிவை மதிக்கிறது என்பதில் விசுவாசம் இருப்பது. கிறிஸ்து என்ற சொல்லே வராவிட்டாலும் இருக்கும். ஜார்ஜியாவில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓகானர் (1925–1964) உறுதியான கத்தோலிக்கர். அவர் கதைகளில் நடமாடுவதோ பெரும்பாலும் புராட்டஸ்டண்டு மனிதர்கள். ஆசிரியரின் சபையைப் பாத்திரங்களின் சபையில் தேடினால் எதுவும் அகப்படாது.

கிருபாபாயின் இடம் இந்த நான்காவது வழியில்தான் இருக்கிறது என்பது என் வாதம். ‘சகுணா’வில் முதல் வழியும் கலந்திருக்கிறது, சரிதான். ஆனால் அந்த நாவலை உயிரோடு வைத்திருப்பது நான்காவது.

## சகுணா: ‘முன்னே’ இல்லாத மகள்

‘சகுணா’ 1887–88-இல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகஸினில் தொடராக வந்தது. 1895-இல், ஆசிரியை இறந்த பிறகு, புத்தகமானது. அவருடைய சொந்த வாழ்க்கையை ஒட்டிய நாவல் அது. கதையின் முன்பகுதி பெற்றோருடையது. ஹரிச்சந்திரா என்ற பிராமண இளைஞன் வேதாகமத்தால் உலுக்கப்பட்டு, உறவை இழந்து, ஞானஸ்நானம் பெறுகிறான். மனைவி ராதா உடனே பின்னால் போய்விடவில்லை. அவள் கோபமும் அவமானமும் பயமும் நாவலில் மறைக்கப்படவில்லை. புருஷன் மாறினால் பெண்சாதியும் மாறியாக வேண்டும் என்ற கணக்குக்கு எதிராக, அவளுக்கென்று ஒரு நேரம் தரப்படுகிறது. பிரசாரம் எழுதுகிறவர் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டியிருப்பார்.

அடுத்து மகள் வருகிறாள். இங்கேதான் நாவலின் உண்மையான சிக்கல். அப்பாவுக்குச் சாட்சி உண்டு: முன்னே பிராமணன், நடுவில் திருப்பம், பின்னே கிறிஸ்தவன். அம்மாவுக்கும் உண்டு. கிறிஸ்தவ வீட்டில் பிறந்த சகுணாவுக்கு ‘முன்னே’ என்ற ஒன்று கிடையாது. எதிலிருந்து அவள் திரும்புவாள்? எதைக் கதையாகச் சொல்வாள்?

இரண்டாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் உள்ள கேள்வி இது. ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று திணறுவதை யாரும் பார்த்திருக்கலாம். கிருபாபாய் கண்ட விடை எனக்கு மிகவும் துணிச்சலானதாகத் தோன்றுகிறது. திருப்பம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் படிப்பை வைக்கிறார். சகுணாவின் விழிப்பு புத்தகத்தால் வருகிறது. அண்ணன் பாஸ்கர் அவளை ஒரு மனுஷியாக நடத்தி, புத்தகங்களைப் பற்றி அவளோடு பேசுகிறான். நாட்டுப் பெண்களுக்காக அவள் ஏதாவது செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். அவன் சாவு அவளைத் தனியாக நிறுத்துகிறது. மிஷன் வீடு, பம்பாய்ப் பள்ளி, சென்னையில் மருத்துவப் படிப்பு என்று அவள் நகரும்போதெல்லாம் உள்ளே ஓடும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பெண்ணுக்கு மூளையைக் கொடுத்த கடவுள் அதை வைத்து அவளிடம் எதைக் கேட்கிறார்?

கதை நகர நகர அவளைத் தடுப்பவர்கள் இந்துக்கள் மட்டும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மிஷன் வீட்டு வெள்ளைக்கார அம்மாமார் காட்டும் தூரம், சுதேசப் பெண் என்ற ஏளனம், இவற்றை நாவல் நேராகச் சொல்கிறது. ஆங்கிலேயரைப் பார்த்து நடையுடையை மாற்றிக்கொண்டு, தன் சொந்த மக்களைக் கீழாகப் பார்க்கும் இந்தியக் கிறிஸ்தவப் பெண்களையும் விடவில்லை. ஊட்டி போன்ற ஊரில் குடும்பம் நடத்திய ஒருவருக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட சங்கதியாக இருந்திருக்காது. மிஷன் கல்லூரியின் பத்திரிகையிலேயே இதை எழுதி வெளியிட்டிருக்கிறார். மிஷன்காரர்களுக்காக எழுதிக் கொடுத்தது என்ற வாதம் இங்கே நிற்காது.

அவரை விமர்சிக்க வைத்ததும் விசுவாசம்தான். கடவுள் முன் எல்லாரும் தனித்தனியே நிற்கிறோம் என்று உண்மையாகவே நம்புகிற ஒருவரால், உட்காரும் இடம் நிறத்தைப் பொறுத்தது என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. மிஷன் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்தே மிஷனைக் கேள்வி கேட்டார்.

## கமலா: அந்தக் கடைசி முடிவு

‘கமலா’வின் துணைத்தலைப்பு, ஓர் இந்து வாழ்வின் கதை. 1894-இல் வந்தது. காசநோய் அவரைத் தின்றுகொண்டிருந்த நாட்களில் எழுதி முடித்தது. இடையில் பெற்ற ஒரே குழந்தையும் ஒரு வயது நிறையுமுன் இறந்திருந்தது. நாவலுக்கு முன்னுரையாக ஆசிரியையின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர் திருமதி கிரிக். இவருடைய கணவர் எச். பி. கிரிக்தான் 1880-இல் நீலகிரி மாவட்டக் கையேட்டை எழுதியவர். மாகாணக் கல்வித்துறையின் தலைவராகவும் இருந்தவர். இந்த நாவலைச் சுற்றி நீலகிரிக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

கதை சுருக்கமாக: தாயை இழந்த கமலா, மலையில் துறவிபோல வாழும் தந்தையிடம் வளர்கிறாள். சிறுமியாக இருக்கும்போதே கணேஷுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். மாமியார் வீட்டுக் கொடுமை. படித்த கணேஷுக்கு அவளுக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஆசை. வீடு சேர்ந்து அதைக் கெடுக்கிறது. அவன் சாயி என்ற இன்னொரு பெண்ணிடம் சாய்கிறான். கமலா வீட்டை விட்டு வெளியேறுகிறாள். கணேஷ் காலராவில் சாகிறான். குழந்தையும் போய்விடுகிறது. கமலாவை ஆரம்பத்திலிருந்து மனதில் வைத்திருந்த ராமச்சந்தர், இப்போது தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கிறான்.

அந்தக் கேள்வி வரும் இடத்தில் நாவல் அவள் மனதை விட்டு நகர்வதில்லை. ராமச்சந்தரை அவளுக்குப் பிடிக்கும். அவன் வைக்கும் வாழ்க்கை வெளிச்சமானது என்றும் தெரியும். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று 1856-இலேயே சட்டம் வந்துவிட்டது. அவளைத் தடுக்க அப்பாவோ மாமியாரோ அங்கே இல்லை. அவளும் அவள் மனச்சாட்சியும் மட்டும். அவள் மறுக்கிறாள். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவுவதில் மீதி வாழ்க்கையைக் கழிக்கிறாள்.

அன்றைய சூழலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பண்டித ரமாபாய் 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்று, 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனைத் தொடங்கியிருந்தார். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891-இல் பெரும் சண்டைக்கு நடுவில் வந்திருந்தது. இந்து விதவையின் துயரம் என்பது அப்போது எல்லா மேடையிலும் பேசப்பட்ட விஷயம். ஒரு கிறிஸ்தவ நாவலாசிரியைக்கு எளிதாகக் கிடைத்த முடிவுகள் இரண்டு: கமலா மறுமணம் செய்துகொண்டு சீர்திருத்தத்துக்கு உதாரணமாவது, அல்லது ஒரு மிஷன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சபைக்குள் வருவது. கிருபாபாய் இரண்டையும் எடுக்கவில்லை.

கமலாவின் முடிவு சரியா தவறா என்று வாசகர்கள் சண்டை போடலாம், போடவும் வேண்டும். கட்டுப்பாட்டுக்குள்ளேயே அவள் அடங்கிவிட்டாள் என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை ஆசிரியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். கடவுள் முன் தனியாக நின்று கணக்கு ஒப்புவிக்கும் அந்த இடம், மனந்திரும்புதல் என்று சபை சொல்லும் அந்த இடம், ஓர் இந்து விதவைக்கு முழுசாகத் தரப்பட்டிருக்கிறது. சகுணாவுக்குக் கிடைத்த அதே ‘நான்’ கமலாவுக்கும். கிறிஸ்தவர் இல்லாத இந்த நாவலில் கிறிஸ்தவ விசுவாசம் இருக்கும் இடம் அதுதான்.

கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் வந்த அதே வருடம் இதுவும் வந்தது என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சி. ஒரே வருடத்தில் ஒருவர் கிறிஸ்துவைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொண்டுவந்து அமர்த்துகிறார். இன்னொருவர் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் ஓர் இந்துப் பெண்ணின் பக்கத்தில் போய் நிற்கிறார்.

## இதனால் என்ன மாறுகிறது?

1. ‘சாட்சி’ என்று சபையில் இந்த நாவல்களைக் கொடுப்பவர்கள், சாட்சியின் வழக்கமான முடிவை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ‘சகுணா’வின் திருப்பம் ஞானஸ்நானத் தொட்டியருகே நடக்கவில்லை.

2. ‘மதமாற்றக் கதை’ என்பவர்கள், மாற்றமே நடக்காத ‘கமலா’வுக்கும் மிஷனைக் கேள்வி கேட்கும் ‘சகுணா’வுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

3. ஊட்டியில் அவர் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியதை ஊழியம் என்ற கணக்கில் மட்டும் எழுதிவிட்டு நகரக் கூடாது. வேறு மதத்துப் பெண்ணின் மனதுக்குள் மரியாதையோடு நுழைவது எப்படி என்ற கேள்வி அந்த வகுப்பறையிலும் உண்டு, பத்து வருடம் கழித்து வந்த ‘கமலா’விலும் உண்டு.

மூன்றாவதைத் திட்டமாக நிரூபிக்க முடியாது. என் ஊகமாகவே வைக்கிறேன். முதல் இரண்டையும் நாவல்களைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம்.

## சறுக்கும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ‘கமலா’வில் கதை சொல்லும் குரல் சில இடங்களில் மேலே ஏறி நின்று பேசுகிறது. கமலாவின் முடிவை மதிக்கும் அதே நேரத்தில், அவளுடைய மதத்தைப் பக்குவம் குறைந்த ஒன்றாக அந்தக் குரல் எடைபோடுகிறது. பாத்திரத்தை வணங்குகிறது, அவள் நம்பிக்கையைக் குறைத்துப் பேசுகிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருவது வாசிக்கும்போது உறுத்தும்.

இதற்குக் காரணம் உண்டு. அவர் யாருக்காக எழுதினார்? ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்காக; அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், மிஷன்காரர்கள், மேல்தட்டு இந்தியர்கள். அவர்களுக்கு இந்து வீட்டை விளக்கிச் சொல்லும் வேலையையும் நாவல் தலையில் சுமக்கிறது. விளக்குகிறவர் எப்போதும் ஒரு படி வெளியே நிற்க நேர்கிறது. தோடர்களைப் பற்றிய கட்டுரையும் ஒரு விருந்தாளி பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான். மந்துக்குள்ளிருந்து எழுந்த குரல் இல்லை. காலனிய காலத்தின் பெரும்பாலான எழுத்துக்கு இந்தக் குறை உண்டு என்று சொல்லி அவரை விட்டுவிடலாம். எனக்கு அப்படி விட மனமில்லை. ராதாவின் கோபத்துக்கு இடம் கொடுத்த அதே கை, கமலாவின் கடவுளுக்கும் இடம் கொடுத்திருக்க முடியும். விசுவாசம் அவருக்குக் கொடுத்த பார்வை பாத்திரங்களிடம் போன தூரம், அவர்களுடைய தெய்வங்களிடம் போகவில்லை.

இதைக் கவனித்து வாசிப்பவருக்கு நாவல் சிறியதாகிவிடாது. எங்கே கதை வாதத்தைத் தாண்டிப் போகிறது, எங்கே வாதம் வந்து கதையை மறிக்கிறது என்பது வரிக்கு வரி தெரியும்.

## வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இரண்டு நாவல்களும் 1896-இலேயே தமிழுக்கு வந்தன. ‘சகுணா’, ‘சுகுணா சரித்திரம்’ என்ற பெயரில் வந்தது. 1887-இல் வேதநாயகம் பிள்ளை வெளியிட்ட ‘சுகுண சுந்தரி’ வேறு புத்தகம். நூலகப் பட்டியலில் பெயரைப் பார்த்து மாற்றி எடுத்துவிட வேண்டாம். ஆங்கில மூலங்களை 1998-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் அவர் மறுபடி பரவலாகப் படிக்கப்பட்டார்.

‘சகுணா’வை முதலில் படியுங்கள். அதில் ராதா வரும் பகுதிகளில் அவசரப்படாதீர்கள். அதை முடித்த கையோடு ‘கமலா’வை எடுத்தால், ராதாவிடம் கேட்கப்பட்ட கேள்வியே ராமச்சந்தர் வந்து கேட்கும்போது கமலாவிடமும் திரும்ப வருவது தெரியும்.